புதுமைப்பித்தனை எங்கிருந்து தொடங்குவது?

நம் கல்லூரியில் தமிழ் பயிலும் மாணவர் ஒருவரை நிறுத்திப் புதுமைப்பித்தன் யார் என்று கேட்டால், விடை தயங்காமல் வரும். 'சிறுகதை மன்னன்' என்பார். இயற்பெயர் சொ. விருத்தாசலம், 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், நெல்லை இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்தார், மணிக்கொடியில் எழுதினார், 1948-இல் காசநோயால் மறைந்தார் என்று அடுக்குவார். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இது தாராளம். அவர் எழுதிய கதைகளில் எத்தனை படித்தீர்கள் என்று அடுத்தபடியாகக் கேட்டுப் பாருங்கள். பாடத்தில் வந்த ஒன்று. அதுவும் பாதி உரைநூலின் வழியாக. இதற்கு மேல் பெரும்பாலும் விடை வராது.

இதைச் சோம்பல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. படித்துப் பார்க்க ஆசைப்பட்டு, நூலகத்திலிருந்து தடித்த தொகுப்பை எடுத்துச் சென்று, பதினைந்து பக்கங்களில் மூச்சுத் திணறித் திருப்பிக் கொடுத்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. சமயநல்லூரிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் ரயிலில் வந்துபோகும் மாணவர்களுக்கு வழியில் படிக்கக் கொஞ்சம் நேரமாவது கிடைக்கிறது. அந்த நேரத்தை நம்பி எடுத்த புத்தகம் முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டால், இரண்டாம் நாள் கை செல்பேசிக்குத்தான் போகும். குற்றம் மாணவரிடமும் இல்லை, ஆசிரியரிடமும் இல்லை. நுழைந்த வாசல் தவறு. புதுமைப்பித்தன் வீட்டுக்கு வாசல்கள் பல. சில வாசல்களில் படி உயரம், இருட்டில் இடறும்.

பதினைந்து ஆண்டுகளுக்குள் எழுதிக் குவித்தவர் அவர். கதைகள் மட்டும் நூறை ஒட்டி வரும். இவை போக மொழிபெயர்ப்புக் கதைகள், கட்டுரைகள், மதிப்புரைகள், 'வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை' என்ற பெயரில் எழுதிய கவிதைகள், 'சிற்றன்னை' என்ற குறுநாவல், முடியாமல் நின்றுபோன 'அன்னை இட்ட தீ', முசோலினியைப் பற்றிப் 'பாசிஸ்ட் ஜடாமுனி' என்று ஒரு நூல். (தலைப்பைப் பார்த்தே சிரிக்கலாம்.) இத்தனைக்கும் நடுவே பத்திரிகை உத்தியோகம், பிற்காலத்தில் திரைப்பட வேலை. ஒருவர் எழுதியதில் மற்றொன்றின் சாயல் இருந்தால் எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான். இவரிடம் அது கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் நடை மாறும். கதைக்குக் கதை உலகம் மாறும். இந்தக் கதை பிடித்தது என்று அடுத்ததற்குப் போனால், அது வேறு யாரோ எழுதியது போல இருக்கும்.

முதற் பக்கத்திலிருந்து தொடங்குவதுதானே முறை என்று கேட்கலாம். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, காலச்சுவடு 2000-இல் வெளியிட்ட முழுத் தொகுப்பு கால வரிசையில் அமைந்தது. ஆராய்ச்சி செய்வோருக்கு அதைவிட நல்ல பதிப்பு இல்லை. ஆனால் கால வரிசை என்பது எழுதியவன் வளர்ந்த வரிசை; படிப்பவன் நுழையும் வரிசை அன்று. 1934-இல் மணிக்கொடியில் வந்த 'ஆற்றங்கரைப் பிள்ளையார்' போன்ற தொடக்கக் கதை ஓர் உருவகக் கதை. பிள்ளையார் சமுதாயத்துக்கும் சமயத்துக்கும் ஆகி வந்து உட்கார்ந்திருப்பார். எது எதற்குக் குறியீடு என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே படிக்கவேண்டும். புதுமைப்பித்தனின் சிரிப்பு அதற்குள் இன்னும் முழுமையாக வாய் திறக்கவில்லை.

மற்றொரு வாசல் 'கபாடபுரம்'. கடல் கொண்ட நகரம், குமரிக்கோடு, பாண்டிய நாடு என்றால் மதுரைக்காரர்களாகிய நமக்கு நாக்கில் நீர் ஊறும். அந்த ஆசையில் அதை முதலில் எடுப்போர் உண்டு. வேண்டாம். கனவுக்குள் கனவு போலச் செல்லும் கதை அது. அவரோடு நன்றாகப் பழகிய பிறகு போகவேண்டிய இடம். 'பிரம்ம ராக்ஷஸ்', 'ஞானக் குகை' ஆகியவையும் அப்படியே. வடசொல் அடர்ந்த நடை. இருள் கவிந்த சூழல்.

திரைப்படத்தின் வழியாக வருவோர் மூன்றாம் வகை. 1979-இல் மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' படத்துக்குச் 'சிற்றன்னை' ஒரு தூண்டுகோல். படம் நல்ல படம். ஆயினும் அதைப் பார்த்துவிட்டு வருகிறவர், புதுமைப்பித்தன் என்றாலே கண்ணீர் என்று எண்ணி வருவார். பாடப்புத்தக வழியாக வருகிறவரும் ஏறத்தாழ அதே எண்ணத்தோடுதான் வருகிறார். 'பொன்னகரம்', 'ஒரு நாள் கழிந்தது', 'மகாமசானம்' என்று வறுமையும் சாவும். கடைசியில் "இக்கதையின் வாயிலாக ஆசிரியர் உணர்த்தும் கருத்து யாது?" என்ற வினா. அந்த வினா எந்தக் கதையையும் கொன்றுவிடும். இவர் கதையை இருமுறை கொல்லும். கருத்து உணர்த்துவோரைக் கண்டால் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறவர் அவர்.

ஆகவே என் கட்சி இதுதான்: அவரைச் சிரிப்பின் வழியாக நுழைந்து காணவேண்டும். அதிலும் தேவர்களும் எமனும் வேதாளமும் மனிதர் நடுவே வந்து மாட்டிக்கொள்ளும் கதைகளின் வழியாக. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கதை.

எமன் வந்த வீடு

'காலனும் கிழவியும்' என்ற கதையை முதலில் எடுங்கள். சிறிய கதை, ஒரு ரயில் பயணத்தில் முடிந்துவிடும். கிராமத்துக் கிழவி ஒருத்தி. அவள் காலம் முடிந்துவிட்டது என்று கணக்குப் பார்த்து எமதர்மராஜனே எருமை மேல் ஏறி நேரில் வருகிறான். கிழவி நடுங்கினாளா? இல்லை. மாடு மேய்த்து, மக்களைப் பெற்று, அவர்களையும் பறிகொடுத்து, உலகத்தில் பார்க்கவேண்டியதையெல்லாம் பார்த்து முடித்தவள். வழிப்போக்கன் ஒருவன் வந்தால் எப்படிப் பேசுவாளோ அப்படியே எமனிடமும் பேசுகிறாள். பேச்சு வளர வளர எமனின் அதிகாரம் கரைகிறது. உயிரைத்தான் கொண்டுபோக முடியும், இந்த உடம்பைத் தூக்கிப்போக உனக்குத் திறமை உண்டா என்கிற பாணியில் அவள் கேட்கும் கேள்வி, வேதாந்த வகுப்பில் கேட்கவேண்டிய கேள்வி. அவள் அதைத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறாள். எமன் எப்படித் திரும்பினான் என்பதைக் கதையில் படித்துக்கொள்ளுங்கள்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் அளவு மட்டும் இல்லை. அந்தக் கிழவியை நாம் அறிவோம். அவள் பேச்சு நெல்லைச் சீமைப் பேச்சு. ஆனால் வாடிப்பட்டிச் சந்தையிலும் அந்த வாய்த்துடுக்கு உண்டு. எமன் கயிறு வீசினால் "என்ன கயித்தத் தூக்கிக்கிட்டு வந்துட்டே" என்று கேட்கக்கூடிய பாட்டிமார் நம் ஊர்களில் குறைவா? கதைக்குள் காலை வைத்தவுடன் தரை தட்டுப்படுகிறது. அதன் பிறகு எவ்வளவு விந்தை வந்தாலும் பயமில்லை.

ஆங்கிலத்தில் டெரி பிராட்செட் என்று ஒருவர் இருந்தார். நம்மவர் மறைந்த அதே 1948-இல் பிறந்தவர், 2015-இல் மறைந்தார். தட்டையான உலகம் ஒன்றை நான்கு யானைகள் தாங்க, யானைகளை ஓர் ஆமை தாங்க, அந்த உலகத்தை வைத்து 41 நாவல்கள் எழுதினார். யானையும் ஆமையும் நம் பக்கத்துச் சரக்கு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1983-இல் வெளிவந்த முதல் நாவலிலிருந்து தொடங்காதே, வேறொன்றில் தொடங்கு என்று அவருடைய வாசகர்கள் புதியவர்களுக்குச் சொல்வது வழக்கம். பலர் கைகாட்டும் நாவல்களில் ஒன்று 'மோர்ட்'. அதில் மரணதேவனே வேலைக்கு ஓர் எடுபிடிப் பையனைச் சேர்த்துக்கொள்கிறான். ஆக, அங்கேயும் எமன் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்! ஒரு வேறுபாடு உண்டு. பிராட்செட்டின் மரணதேவன் பேசுவதெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சாகும். படிக்கும்போதே கல்லறைக் குரல் கேட்கும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அதனால்தானோ என்னவோ, நம் எமன் கிழவிக்குச் சமமாக நின்று பேசவேண்டியதாயிற்று.

கடவுள் காபி சாப்பிட்டது

இரண்டாவதாக எடுக்கவேண்டியது 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. 1943-இல் கலைமகளில் வந்தது. இதையே முதலில் படிக்கச் சொல்வார்கள் பலர். எனக்கும் இதுதான் உயிர். இருந்தாலும் இரண்டாவதாகச் சொல்வதற்குக் காரணம், இதில் அந்தக் காலத்துச் சென்னை முழுவதும் இருக்கிறது. டிராம் வண்டி, ரிக்‌ஷா, காலணா அரையணாக் கணக்கு, பிராட்வே, எஸ்பிளனேடு. பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி நகைச்சுவை தானாக விளங்கும்.

கந்தசாமிப் பிள்ளை 'சித்த வைத்திய தீபிகை' என்ற பத்திரிகை நடத்துபவர். டிராமில் போவதா, நடந்துபோய் அந்தக் காசில் வெற்றிலை போடுவதா என்ற மகத்தான சிக்கலோடு தெருமுனையில் நிற்கிறார். அங்கே ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கேட்டவர் கடவுள். இருவரும் ஹோட்டலுக்குள் நுழைந்து காபி சாப்பிடுகிறார்கள். காபியின் சுவையில் மயங்கி இது தம்முடைய லீலை என்கிறார் கடவுள். இல்லை, காபித்தூளில் சிக்கரி கலந்த ஹோட்டல்காரனுடைய லீலை என்று திருத்துகிறார் பிள்ளை. காபிக்குக் கடவுள் நீட்டுவது நூறு ரூபாய் நோட்டு. 1943-இல் காபிக்கடையில் நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரர் எப்படிப் பார்த்திருப்பார்! பிள்ளையோ நல்ல ஆள் கிடைத்தார் என்று பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். கடவுளிடம் ஆயுள் சந்தா என்றால் யாருடைய ஆயுள்? இந்த ஒரு கேள்வியை வைத்தே நான்கு நாள் சிரிக்கலாம்.

கவனித்துப் பார்த்தால், பிள்ளை ஒருபோதும் பரவசப்படவில்லை. விருந்தாளியாக வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அவருடைய சின்னப் பெண் வள்ளி கடவுள் மடியில் ஏறி விளையாடுகிறாள். கதையில் கடவுளைக் கடவுளாக நடத்தாமலேயே அன்பு காட்டுவது அந்தக் குழந்தை ஒன்றுதான். பிறகு கடவுளும் பிழைக்கவேண்டுமே! பூலோகத்தில் அவருக்குத் தெரிந்த தொழில் கூத்தாடுவது. கலைப்புரவலர் ஒருவர் முன் அம்மையும் அப்பனும் ஆடிக்காட்டுகிறார்கள். தில்லையில் ஆடியவருக்கு அங்கே என்ன மதிப்பெண் கிடைத்தது என்பதை நடன நிகழ்ச்சிகளுக்குப் போய் வருகிறவர்கள் படித்தே தெரிந்துகொள்ளவேண்டும்.

இது நாத்திகக் கதையா, ஆத்திகக் கதையா என்று விடுதி அறைகளில் சண்டை போடுவதுண்டு. எனக்கு இரண்டுமாகப் படவில்லை. கடவுளை அவர் கேலி செய்வதைவிடக் கடவுளையே சந்தாதாரராகப் பார்க்கும் நம்மைத்தான் அதிகம் கேலி செய்கிறார். அதே சமயம் அந்தக் கேலியில் பிள்ளையின் மேல் ஒரு பரிவும் இருக்கிறது. மாதக் கடைசியில் பத்திரிகை நடத்துகிறவனுக்குக் கடவுளே வந்தாலும் முதலில் சந்தாவாகத்தான் தோன்றுவார். புதுமைப்பித்தன் பத்திரிகை அலுவலகங்களில் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பின் அடியில் கசப்பு தட்டுப்படும்.

இங்கே நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மதுரை வட்டாரத்தில் கடவுள் தெருவில் நடப்பது அதிசயமே இல்லை. திருவிளையாடற் புராணத்தில் சொக்கர் விறகு சுமந்தார், வந்திக் கிழவிக்குக் கூலியாளாகிப் பிட்டுக்கு மண் சுமந்தார், வேலையை ஒழுங்காகச் செய்யாமல் பிரம்படியும் பட்டார். ஆவணியில் புட்டுத்தோப்பில் இன்றும் அந்த விழா நடக்கிறது. சமயநல்லூருக்கு அருகிலுள்ள தேனூரில்தான் முன்காலத்தில் அழகர் வைகையில் இறங்கினார், திருமலை நாயக்கர் காலத்தில்தான் அது மதுரைக்கு மாறியது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். வண்டியூரில் அழகர் எழுந்தருளும் மண்டபத்துக்கு இன்றும் 'தேனூர் மண்டபம்' என்றே பெயர். அப்படியிருக்க, கடவுள் பிராட்வே முனையில் வழி கேட்டார் என்றால் நமக்கு ஏன் திகைப்பு? மேனாட்டார் விந்தைக் கதை என்று தனி வகை வகுத்துக் கொண்டாடுவது நமக்குப் புராணத்திலேயே இருந்தது. புதுமைப்பித்தன் செய்த புதுமை, கடவுளிடம் காபிக்குக் காசு கேட்டதுதான்.

சிரிப்பிலிருந்து இருட்டுக்கு

இவ்விரண்டும் பிடித்துவிட்டால் இதே வகையில் 'வேதாளம் சொன்ன கதை', 'கட்டில் பேசுகிறது' இரண்டையும் படியுங்கள். பின்னது அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டில் இரவு நேரத்தில் நோயாளியிடம் பேசுவது. அதில் சிரிப்பு பாதி, நடுக்கம் பாதி. அந்தப் பாதியிலிருந்துதான் வண்டி வேறு தண்டவாளத்துக்கு மாறுகிறது. அடுத்த நிலையம் 'காஞ்சனை'. அதில் கதை எழுதுகிற கணவன், பிச்சைக்காரி ஒருத்தியை இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் மனைவி, இரவில் வீட்டுக்குள் வரும் ஏதோ வாடை. கணவன் மனைவி பேச்சில் கேலி இருக்கிறது. ஆனால் நமக்குத் தூக்கம் வராது. பேய் உண்டா இல்லையா என்று ஆசிரியர் கடைசிவரை தீர்ப்புச் சொல்லமாட்டார். தனி அறையில் இரவில் படிக்காதீர்கள் என்று எச்சரிப்பது என் கடமை.

விந்தை கலவாத நகைச்சுவைக்கு 'மனித யந்திரம்'. கடையில் கணக்கு எழுதும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு நாள், ஒரே ஒரு நாள், கல்லாப் பணத்தோடு ஓடிப்போக நினைக்கிறார். நினைத்தது என்னவாயிற்று என்பதே கதை. வேலைக்கு மனுப்போட்டுக்கொண்டிருக்கும் இறுதியாண்டு மாணவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்களா, பெருமூச்சு விடுவார்களா என்று சொல்வதற்கில்லை.

மதுரைக்காரர்களுக்கு என்று ஒரு கதை உண்டு: 'அன்று இரவு'. வாதவூரர், பாண்டியன், வைகை வெள்ளம், பிரம்படி ஆகிய பழைய கதையை எடுத்துக்கொண்டு எழுதியது. வந்தியின் பிட்டுக் கதையை விழாவில் கேட்டு வளர்ந்த பிறகு இதைப் படித்தால், கேட்ட கதைக்கும் படிக்கும் கதைக்கும் இடையே ஓர் ஆழம் தெரியும். இங்கே சிரிப்பு மிகக் குறைவு. கந்தசாமிப் பிள்ளையின் விருந்தாளியாகக் கடவுளைப் பார்த்துப் பழகிய பிறகு படித்தால்தான் அந்த அடியின் கனம் புரியும் என்பது என் துணிபு.

'துன்பக் கேணி', 'பொன்னகரம்' இரண்டையும் நான் ஒதுக்கச் சொல்லவில்லை, தள்ளிவைக்கச் சொல்கிறேன். 2014-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இவ்விரண்டையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. சாதியைச் சித்திரித்த விதம் பற்றிய எதிர்ப்பும், நீக்கியதற்கு எதிர்ப்பும் சேர்ந்தே எழுந்தன. அவருடைய காலத்துச் சாதிப் பேச்சு கதைகளுக்குள் அப்படியே வருகிறது. எழுதியவர் எங்கே நின்று எழுதுகிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது வகுப்பில் உட்கார்ந்து விவாதிக்கவேண்டிய விஷயம். அந்த விவாதத்தில் வெறும் கேள்விஞானத்தோடு கலந்துகொள்வதைவிட, அவர் சிரிப்பின் போக்கைப் பத்துக் கதைகளில் பழகிக்கொண்டு கலந்துகொள்வது நல்லது. துன்பக் கேணி நீளமான கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரை போகிறது. முதலில் அதை எடுத்து இடையில் விட்டவர்கள் பிறகு அவர் பக்கமே வருவதில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பாடத்தில் எந்தக் கதை இருந்தாலும் இருக்கட்டும். முதல் வகுப்பில் அதைத் தொடாமல் 'காலனும் கிழவியும்' கதையை உரக்கப் படித்துக் காட்டினால் போதும். கிழவி பேச்சை நன்றாகப் படிக்கத் தெரிந்த மாணவி ஒருத்தி எந்த வகுப்பிலும் இருப்பாள். எமனாகப் படிக்கத்தான் ஆள் கிடைப்பது கடினம்.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. அவருடைய எழுத்துகள் 2002-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதனால் பல பதிப்பகங்கள் மலிவாக வெளியிட்டுள்ளன. மதுரையின் பெயரையே சூடிய மதுரைத் திட்டத்தின் வழியே கணினியிலும் செல்பேசியிலும் செலவின்றிப் படிக்கலாம். மலிவுப் பதிப்புகளில் ஒரு தொல்லை: சிலவற்றில் வரி விட்டுப்போகும், பேச்சுவழக்கைத் 'திருத்தி'யும் விடுவார்கள். கிழவி இலக்கணத் தமிழில் எமனோடு பேசினால் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு வேறு பதிப்பைத் தேடுங்கள்.

கடைசியாக ஒரு கதையை மட்டும் அவசரப்படாமல் வைத்திருங்கள்: 'சாப விமோசனம்'. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம் என்ற பொருளில் அவரே முன்குறிப்பு எழுதியிருக்கிறார். ராமன் கால்பட்டு எழுந்த அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி கேட்டபின் என்ன ஆனாள் என்பது கதை. சிரிப்பு இதில் ஒரு துளியும் கிடையாது. தேவரையும் தெய்வத்தையும் மனிதர் வீட்டு வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது மட்டும் அப்படியே இருக்கிறது. திண்ணைக் கிழவி எமனைக் கேட்டாள். அகலிகை சீதையைக் கேட்டாள், பிறகு மீண்டும் கல்லானாள்.